மண்டபத்து வண்டிக்கு 13 வரிசை ஆயில் கூலர் வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 2016 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக் இருக்கிறது. மண்டபத்திலிருந்து வாரம் இரண்டு முறை மதுரைக்குப் போய் வருகிறேன். மற்ற நாட்களில் வீட்டுக்கும் மீன் கம்பெனிக்கும் இடையே நான்கு கிலோமீட்டர்தான் ஓட்டம். போன தீபாவளிக்குச் சத்தம் நன்றாக இருக்கும் என்று சைலன்சரை மாற்றினேன். இந்தக் கோடையில் வண்டி மிகவும் சூடாகிறது. மே மாதம் ஆயில் மாற்றினேன்; மீன்பிடித் தடைக்காலத்தில் மாமாவின் விசைப்படகுக்கு வாங்கிய ஆயில் மீதம் இருந்ததால் அதையே ஊற்றினேன். அதன் பிறகு பரமக்குடியைத் தாண்டியதும் எஞ்சினில் டிக் டிக் என்ற சத்தம் கேட்கிறது, சிக்னலில் நியூட்ரல் விழ மறுக்கிறது. காருக்கு உரிய 13 வரிசை ஆயில் கூலர் (எஞ்சின் ஆயிலைக் காற்றில் குளிர்விக்கும் சிறு ரேடியேட்டர்; வரிசை என்பது அதில் ஆயில் ஓடும் அடுக்கு) ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பெரிதாக இருந்தால் நல்லதுதான் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எஞ்சினின் சிலிண்டர் பிளாக்குக்கு நேர் முன்னால் மாட்டலாமா?

— மண்டபம் வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

வாங்கி வைத்த கூலரை இப்போது மாட்டாதீர்கள். எப்போது மாட்டினாலும் பிளாக்குக்கு நேர் முன்னால் மாட்டாதீர்கள். கடிதத்தில் போகிற போக்கில் இரண்டு செய்திகளைச் சொல்லியிருக்கிறீர்கள், ஒன்று படகு ஆயில், மற்றொன்று சைலன்சர். உங்கள் வண்டியின் நோய் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன். இவற்றைச் சரி செய்யாமல் கூலரை மாட்டினால் காய்ச்சலுக்குக் காரணம் பாராமல் நெற்றியில் ஈரத்துணி போட்டது போல ஆகிவிடும்.

முதலில் ஆயிலைப் பார்ப்போம். விசைப்படகு டீசல் எஞ்சினுக்கு ஊற்றுவது பெரும்பாலும் 15டபிள்யூ-40. உங்கள் வண்டிக்குத் தயாரிப்பாளர் சொல்லியிருப்பது 15டபிள்யூ-50. கடைசி எண்ணில் பத்துதானே வித்தியாசம் என்று தோன்றும். அந்த எண் சூடான எஞ்சினில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. 100 டிகிரி செல்சியஸில் 40 என்ற ஆயிலின் பாகுத்தன்மை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரைக்கும், 50 என்ற ஆயிலுடையது 16.3 முதல் 21.9 வரைக்கும் இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது 40-இல் மிகக் கெட்டியான ஆயில் கூட 50-இல் மிக இளகிய ஆயிலின் வாசற்படியோடு நின்றுவிடும். தண்ணீரைச் சுற்ற விட்டுக் குளிர்விக்கும் படகு எஞ்சினில் ஆயில் ஒரு கட்டுக்குள் இருக்கும். காற்றை மட்டுமே நம்பியிருக்கும் உங்கள் எஞ்சினில், வெயில் நேரத்தில், நான்குவழிச் சாலையில் ஒரே சீராக ஓட்டும்போது அது அதற்கு மேலும் இளகும்.

இளகினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த டிக் டிக் சத்தமே சாட்சி. வால்வுகளைத் திறக்கத் தள்ளிக்கொடுக்கும் பாகம் டேப்பட்; உங்கள் எஞ்சினில் இருப்பவை ஆயில் அழுத்தத்தை நம்பிய ஹைட்ராலிக் டேப்பட்டுகள். பழைய புல்லட்டில் செய்தது போல வால்வு இடைவெளியை ஸ்பானர் வைத்துத் திருகிச் சரிசெய்யும் வேலை இதில் கிடையாது. டேப்பட்டுக்குள் பாயும் ஆயில்தான் அந்த இடைவெளியை நிரப்பிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆயில் அளவுக்கு மீறி இளகி, அழுத்தம் குறைந்து, டேப்பட்டுக்குள் நிற்காமல் கசிந்தால் இடைவெளி விழுந்து சத்தம் வரும். சூடேறிய பிறகு மட்டும், பரமக்குடிக்கு அப்பால் மட்டும் வருகிறது என்று நீங்கள் துல்லியமாகக் கவனித்து எழுதியதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது. தேய்ந்த பாகத்தின் சத்தமாக இருந்தால் பெரும்பாலும் காலையில் ஸ்டார்ட் செய்யும்போதும் அது இருந்திருக்கும்.

நியூட்ரல் விழாததற்கும் இதே ஆயில்தான் காரணமாக இருக்கக்கூடும். மோட்டார் சைக்கிளில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் நனைகின்றன. கிளட்ச் தகடுகள் ஆயிலில் நனைந்தபடியே ஒன்றையொன்று பிடிக்கவும் விடவும் வேண்டும் என்பதால்தான் இருசக்கர வாகன ஆயிலுக்கு ஜாஸோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற தனி முத்திரை இருக்கிறது. படகு ஆயில் டப்பாவில் அதைத் தேட வேண்டியதில்லை, ஏனென்றால் படகில் எஞ்சின் ஆயிலிலேயே நனையும் இந்த மாதிரிக் கிளட்ச் கிடையாது. முத்திரை உள்ள 15டபிள்யூ-50 ஆயிலையும் புதிய ஃபில்டரையும் போட்டு, கிளட்ச் கேபிளின் தளர்வையும் ஒரு முறை பார்த்துவிட்டு, மறுபடி மதுரைக்குப் போய் வாருங்கள். பழைய ஆயிலைச் சூடாக இருக்கும்போதே முழுவதும் வடியவிட வேண்டும்.

இனிச் சைலன்சர். 2016 மாடல் என்பதால் உங்கள் வண்டியில் இருப்பது கார்புரேட்டர். அதிலுள்ள ஜெட், அதாவது பெட்ரோல் வரும் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளை, கம்பெனி சைலன்சரின் தடையைக் கணக்கில் வைத்துப் பொருத்தப்பட்டது. தடை குறைந்த சைலன்சரை மாட்டியதும் எஞ்சின் கூடுதலாகக் காற்றை இழுக்கிறது. பெட்ரோல் மட்டும் பழைய அளவிலேயே வருகிறது. போதாததற்கு இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், தானாகத் திருத்திக்கொள்ளத் தெரியாத கார்புரேட்டர் வண்டியில் கலவை இன்னும் கொஞ்சம் காய்ந்துவிடுகிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல் போகிறது. இரண்டும் சேர்ந்து பிளாக்குக்கு மேலே இருக்கும் ஹெட்டைச் சுடவைக்கின்றன. ஒரு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதன் பீங்கான் மூக்கு இளம் பழுப்பாக இருந்தால் கலவை சரி. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் நான் சொன்னதுதான். கழற்றி வைத்த பழைய சைலன்சர் வீட்டில் இருக்குமானால் அதையே திரும்ப மாட்டுவது மலிவான வைத்தியம். அது இல்லையென்றால் மெயின் ஜெட்டை ஓர் அளவு கூட்டி, பிளக்கின் நிறத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் திருத்த வேண்டும். அதற்குப் பொறுமையான மெக்கானிக் தேவை. சத்தம் கூடிய சைலன்சருக்குப் போலீஸ் அபராதம் போடுவதும் உங்களுக்குத் தெரிந்ததே.

இந்தச் சூடு ஹெட்டில் பிறப்பது என்பதைக் கவனியுங்கள். ஆயில் கூலர் குளிர்விப்பது ஆயிலை. ஹெட்டின் வெப்பத்தில் பெரும்பகுதி பிளாக், ஹெட் ஆகியவற்றின் ஃபின்கள் (வெளிப்புறத்தில் அடுக்கடுக்காக நீட்டியிருக்கும் தகடுகள்) வழியாக நேரே காற்றுக்குப் போகிறது. பிஸ்டனின் அடிப்புறம், கிராங்க், டேப்பட் முதலிய உள்ளுறுப்புகளின் வெப்பத்தைத்தான் ஆயில் சுமந்து வருகிறது. காய்ந்த கலவையால் கொதிக்கும் ஹெட்டை, ஆயிலைக் குளிர்வித்து ஆற்ற முடியாது. ஓரளவு மட்டுப்படுத்தலாம், அவ்வளவே.

நண்பர்கள் சொல்லும் 'பெரிதாக இருந்தால் நல்லது' என்பதில்தான் எனக்கு மிகுந்த கவலை. ஆயில் சுடக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆயில் குளிர்ந்தே கிடக்கக்கூடாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும், ஆனால் சிறிதளவு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலோடு சேரும். ஆயில் 90 முதல் 110 டிகிரி வரை சூடேறிச் சிறிது நேரம் அங்கேயே நின்றால் அந்த ஈரம் ஆவியாகிப் பிரீதர் குழாய் வழியே வெளியேறிவிடும். நான்கு கிலோமீட்டர் ஓட்டத்தில் உங்கள் ஆயில் இப்போதே அந்தச் சூட்டை எட்டுவது சந்தேகம். இரண்டாயிரம் சி.சி. கார் எஞ்சினின் வெப்பத்தைத் தணிக்கக் கூடிய ஒரு கூலரை, அதிகபட்சம் 19.8 குதிரைத்திறன் தரும் 346 சி.சி. எஞ்சினில், ஆயில் சூடேறும் வரை கூலருக்குள் விடாத தெர்மோஸ்டாட் வால்வு எதுவும் இல்லாமல் நேராக இணைத்தால் வாரத்தில் ஐந்து நாட்கள் ஆயில் வெதுவெதுப்பிலேயே கிடக்கும். 60 டிகிரியில் இந்த ஆயில் 100 டிகிரியில் இருப்பதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு கெட்டி. பம்ப் அதைத் தள்ளத் திணறும். நீண்ட குழாயும் கூலரின் நுண் வழிகளும் அந்தத் தடையை மேலும் கூட்டும். கடைசியில் ஆயில் போதாமல் காய்வது பம்பிலிருந்து தொலைவில் இருக்கும் உறுப்புகள்தான்.

இதை என் கைப்பட செய்த தவறிலிருந்து சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கீழக்கரையிலிருந்து ஒருவர் இதே மாதிரி வண்டியைக் கொண்டுவந்து, தாம் வாங்கிய பெரிய கூலரை மாட்டித் தரச் சொன்னார். ஓட்டம் எவ்வளவு என்று நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. கிட்டில் இருந்தபடியே, தெர்மோஸ்டாட் இல்லாமல், பிளாக்குக்கு நேர் முன்னால் மாட்டிக் கொடுத்தேன். ஐப்பசி மழை முடிந்து அவர் திரும்பி வந்தபோது ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் பாலாடை போல வெளுத்த பசை ஒட்டியிருந்தது. வடித்த ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தது. எஞ்சினின் மேல்மூடியான ராக்கர் கவரைத் திறந்தபோது உள்சுவர் முழுவதும் அதே பசை. வீட்டிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து பள்ளிவாசலுக்கும் போய்வருவதற்கு மேல் அந்த வண்டி ஓடியதே இல்லை என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். கூலரைக் கழற்றி, இரண்டு முறை ஆயில் மாற்றிக் கழுவி, செலவை நானே ஏற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து யார் கூலர் கேட்டாலும் ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், நிற்காமல் எவ்வளவு நேரம் என்பதே என் முதல் கேள்வி. கடல் தண்ணீரே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் உங்கள் மாமாவின் படகு எஞ்சின் போன்றவற்றில் தெர்மோஸ்டாட் வைத்திருப்பது ஏன் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

ஆகவே அளந்து பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம். வெப்பத்தை அளக்கும் கம்பி (தெர்மோகப்பிள்) இணைக்கக்கூடிய சாதாரண மல்டிமீட்டர் போதும். ஆயிலும் கலவையும் சரியான பிறகு, ஒரு நண்பகலில் மதுரைச் சாலையில் அரை மணி நேரம் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, எஞ்சினை நிறுத்திய ஒரு நிமிடத்துக்குள், கையுறை போட்டுக்கொண்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து கம்பியை ஆயிலில் முழுகவிடுங்கள். தொடாமல் வெளியிலிருந்தே வெப்பத்தை அளக்கும் சிவப்பு விளக்குத் துப்பாக்கிமானியை நம்பாதீர்கள். பளபளக்கும் அலுமினியத்தில் அது உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் மதுரைக்குப் போகும்போது எதிர்காற்றில் எஞ்சின் கூடுதலாக இழுக்கும். திரும்பும்போது காற்று முதுகில் இருப்பதால் ஃபின்களுக்குக் கிடைக்கும் காற்று குறையும். எனவே போகும்போதும் வரும்போதும் தனித்தனியாக அளக்க வேண்டும். 115 டிகிரிக்குக் கீழே இருந்தால் உங்கள் வண்டிக்குக் கூலரே தேவையில்லை. 115-க்கும் 130-க்கும் இடையில் இருந்தால் முழு சிந்தெடிக் ஆயிலுக்கு மாறி, மாற்றும் இடைவெளியைக் குறைத்துக்கொண்டாலே நான் திருப்தியடைவேன். மறுபடி மறுபடி 130-ஐத் தாண்டினால் மட்டும் கூலரைப் பற்றி யோசிக்கலாம். அந்தச் சூட்டில் ஒவ்வொரு பத்து டிகிரி ஏறும்போதும் ஆயில் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

அளப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பிளாக் ஃபின்களின் இடுக்குகளை விளக்கு வைத்துப் பாருங்கள். தனுஷ்கோடிப் பக்கம் போய்வரும் வண்டிகள் பட்டறைக்கு வரும்போது, முன் சக்கரம் வாரியடித்த நுண்மணலும் உப்பும் கசிந்த ஆயிலும் கலந்து ஃபின்களின் அடியில் களிம்பு போல இறுகியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு அந்தக் களிம்பைக் காயவிடாது. இதைச் சுரண்டி எடுப்பதாலேயே சூடு குறைந்த வண்டிகள் உண்டு. எஞ்சின் ஆறிய பிறகு மண்ணெண்ணெயும் பழைய பிரஷும் கொண்டு துடைத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். நம் பகுதியில் போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவியது போலத்தான். காவிரித் தண்ணீரை வண்டிக்கு ஊற்ற மனம் வராது என்பது தெரியும். ஃபின்களுக்கு மட்டும் இரண்டு சொம்பு போதும்.

அளந்து பார்த்து, கூலர் தேவை என்றே முடிவானால், வாங்குவது ஐந்து அல்லது ஏழு வரிசை உள்ளதாக இருக்கட்டும். அதோடு ஏறத்தாழ 80 முதல் 85 டிகிரியில் திறக்கும் ஆயில் தெர்மோஸ்டாட் கட்டாயம் வேண்டும்; அதற்குக் கீழே ஆயில் கூலருக்குள் போகாமல் குறுக்கு வழியில் திரும்பிவிட வேண்டும். அது இல்லாத கிட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

இடத்தைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பிளாக்குக்கு நேர் முன்னால் மாட்டினால், எந்தக் காற்று ஃபின்களுக்குப் போக வேண்டுமோ அதையே கூலர் மறிக்கிறது. மறித்து, சூடாக்கி, ஃபின்களுக்கு அனுப்புகிறது. ஆயில் பத்து டிகிரி குறைந்து ஹெட் கூடுதலாகச் சுட்டால் அதில் லாபம் எதுவும் இல்லை. வண்டிச் சட்டத்தின் (ஃபிரேம்) முன் குழாயில், ஹெட்டுக்கு மேலே, டேங்குக்கும் ஹார்னுக்கும் இடையில் கிடைக்கும் இடத்தில் சிறிய கூலர் அடங்கும். லெக் கார்டில் பக்கவாட்டில் கட்டுவோரும் உண்டு. காற்று நன்றாகக் கிடைக்கும், ஆனால் வண்டி ஒரு முறை சாய்ந்தால் முதலில் உடைவது அதுவே என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. எங்கே மாட்டினாலும் வண்டி நின்றுகொண்டிருக்கும்போது கூலர் பெரிதாக உதவாது. அமாவாசைக் கூட்டத்திலோ, புதிய ரயில் பாலத்தைப் பார்க்க ஆட்கள் வண்டியை நிறுத்தி நிற்கும் நேரத்திலோ பாம்பன் சாலைப் பாலத்தில் ஊர்ந்து போகையில் கடற்காற்று பக்கவாட்டிலிருந்துதான் அடிக்கும், நேர்முகமாகப் பொருத்திய கூலருக்குள் அது புகாது. அங்கே எஞ்சினை அணைத்துவிடுவதே சரி.

பொருத்தும்போது குழாய் இணைப்புகள் கூலரின் மேற்பக்கம் வருமாறு வைக்க வேண்டும். இணைப்புகள் கீழே இருந்தால் மேலே காற்று அடைத்துக்கொள்ளும், எஞ்சின் நின்றதும் ஆயில் கீழே வடிந்துவிடவும் கூடும். மாட்டுவதற்கு முன்பே கூலருக்குள் ஆயிலை ஊற்றி நிரப்பி, பிளக்கைக் கழற்றி, பிளக் வயரை எர்த்தில் வைத்துக்கொண்டு, இருபது முப்பது முறை கிக்கரை மிதித்து ஆயில் சுற்று முழுவதையும் நிறைத்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, சற்று நேரம் கழித்து வண்டியை நேராகப் பிடித்துக்கொண்டு, எஞ்சினின் பக்கத்திலுள்ள ஆயில் கண்ணாடியில் அளவு பார்த்துக் குறைந்ததை ஊற்றுங்கள். கூலரும் குழாயும் கொஞ்சம் ஆயிலைக் குடித்திருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது குழாய்தான். எஞ்சின் ஆயிலுக்கு உரிய, முனைகள் இயந்திரத்தில் அழுத்திப் பொருத்தப்பட்ட குழாய் மட்டுமே வேண்டும். தண்ணீர்க் குழாயையோ பெட்ரோல் குழாயையோ மாட்டி கிளிப் போட்டு இறுக்கினால், அழுத்தத்தில் ஒரு நாள் கழன்று ஆயில் பின் டயரில் கொட்டும். பாலத்தின் மேல் பக்கக் காற்று வண்டியைத் தள்ளும் இடத்தில் அது நேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. எஃகுப் பின்னல் போட்ட குழாயாக இருந்தால் அது சட்டத்தில் உரசும் இடங்களில் ரப்பர் உறை போடுங்கள். உரசி உரசி அந்தப் பின்னல் சட்டத்தையே அறுத்துவிடும். செம்பு வாஷர்களை ஒவ்வொரு முறை கழற்றும்போதும் மாற்ற வேண்டும். முதல் நூறு கிலோமீட்டருக்குள் இரண்டு முறையாவது நின்று, விரலால் இணைப்புகளைத் தடவிப் பாருங்கள்.

நம் கடற்கரைக்கு மட்டும் உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. கூலர் அலுமினியம், பிராக்கெட்டும் போல்ட்டும் பெரும்பாலும் இரும்பு அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்பு ஈரம் இருந்தால், அலுமினியம்தான் தின்னப்படும். வெள்ளைப் பொடி கிளம்பி, பிறகு ஊசித்துளை விழும். நடுவில் ரப்பர் புஷ்ஷும் நைலான் வாஷரும் கொடுத்தால் அதிர்வையும் தாங்கும், உலோகத்தையும் பிரித்து வைக்கும். கூலரின் மெல்லிய தகடுகளைப் பிரஷர் வாட்டர் பீய்ச்சிக் கழுவக் கூடாது, மடங்கிவிடும். வாடைக் காலத்தில் குறைந்த ஓட்டமே இருக்கும் வாரங்களில் கூலரின் முகத்தை ஒரு தகரத் துண்டால் மூடி வைத்தாலும் நல்லதே.

உங்கள் 13 வரிசைக் கூலரை, உறை பிரிக்காமல் இருந்தால், திருப்பிக் கொடுத்துவிடப் பாருங்கள். இந்த வாரம் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய சைலன்சரை மாட்டி, இரண்டு முறை மதுரைக்குப் போய் வந்த பிறகு, ஆயில் சூடு எவ்வளவு, பிளக் என்ன நிறம், சத்தம் இருக்கிறதா என்ற மூன்றையும் எனக்கு எழுதுங்கள். சரியான ஆயிலிலும் அந்தச் சத்தம் நிற்கவில்லையென்றால் மேற்கொண்டு ஓட்டாமல் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். ஆயில் பம்பையும் டேப்பட்டுகளையும் திறந்து பார்த்துத்தான் பிறகு எதையும் சொல்ல முடியும்.